உலகப் பொது நிலநடுக்கச் சேதத் தரவுத்தளம்: ஒரு நிகழ்வைப் பதிவு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

பல நாடுகளின் நிலநடுக்கச் சேத விவரங்களை ஒரே தரவுத்தளத்தில் தொகுக்கும் பணிக்குப் புதிதாக வருபவர்கள், பெரும்பாலும் இறந்தோர் எண்ணிக்கையையும் பண இழப்பையும் முதலில் நிரப்பிவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். எந்த நிகழ்வு, எந்த இடம், எவ்வளவு அதிர்வு, என்ன வகைக் கட்டடம், மொத்தம் எத்தனையில் எத்தனை சேதம் என்பவை நிலைபெற்ற பிறகுதான் உயிர்ச்சேதக் கணக்குக்கும் பணக் கணக்குக்கும் பொருள் உண்டாகும்.

இந்த வழிகாட்டியில் 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தைத் தாக்கிய 7.8 அளவு கோர்க்கா நிலநடுக்கத்தை மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். அரசின் இழப்பு மதிப்பீட்டு அறிக்கை, வீடு வீடாக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, அதிர்வு வரைபடம் ஆகிய மூன்றும் பொதுவில் கிடைக்கும் நிகழ்வு அது. தேவைப்படும் இடங்களில் மட்டும் கில்லாரி, பூஜ், கிறைஸ்ட்சர்ச் போன்றவற்றையும் தொட்டுச் செல்கிறேன்.

1. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

முதல் தேவை, மூல ஆவணங்களின் நகல். இணைய முகவரியைக் குறித்து வைத்தால் போதாது. கோப்பையே இறக்கி, இறக்கிய தேதியோடு சேமிக்க வேண்டும். பேரிடர்க் காலத்தில் திறக்கப்படும் அரசு இணையதளங்கள் சில ஆண்டுகளில் மறைந்துவிடுகின்றன.

இரண்டாவது, நிலநடுக்கத்துக்கு முன்பிருந்த வீடுகளின் கணக்கு. நேபாளத்துக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது. இதைத் தேடாமலே பலர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பாதி வழியில்தான் அதன் தேவை தெரியவருகிறது.

மூன்றாவது, நிகழ்வு நடந்த காலத்தின் நிர்வாக எல்லை வரைபடம். இன்றைய வரைபடம் உதவாது; காரணத்தை நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

நான்காவது, அளவைகளுக்கும் எண் வடிவங்களுக்கும் ஒரு பக்கக் குறிப்பு. நேபாள ஆவணங்களில் ‘அரப்’ என்றால் நூறு கோடி, அதாவது ஒரு பில்லியன். 4,98,852 என்றும் 498,852 என்றும் ஒரே எண் இரு விதமாக எழுதப்பட்டிருக்கும். காற்புள்ளியால் பிரிக்கும் கோப்பில் அதை அப்படியே ஒட்டினால் ஓர் எண் இரண்டு அல்லது மூன்று பத்திகளாக உடைந்துபோகும். எனவே காற்புள்ளிகளை நீக்கிவிட்டே உள்ளிட வேண்டும்.

2. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முதலில் எழுதுங்கள்

ஏற்கெனவே உள்ள தரவுத்தளங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததற்குப் பெரும்பாலும் அவற்றின் நுழைவு விதிகளே காரணம். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்திலிருந்து 1988 முதல் நடத்தப்படும் எம்-டாட் என்ற உலகப் பேரிடர்த் தரவுத்தளம், குறைந்தது 10 பேர் இறந்திருக்க வேண்டும், அல்லது 100 பேர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவசரநிலை அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டு உதவி கோரப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. லத்தீன் அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய டெஸ்இன்வென்டார் முறையிலோ குறைந்தபட்ச எல்லையே கிடையாது. ஒரு வீட்டுச் சுவர் இடிந்தாலும் பதிவாகலாம். இரண்டிலிருந்தும் எடுத்து ஒரே பட்டியலாக்கினால், சிறிய நிலநடுக்கங்கள் சில நாடுகளில் அதிகமாகவும் சில நாடுகளில் இல்லாமலும் தோன்றும். அந்த வேறுபாடு பதிவு விதியிலிருந்து வருவது, நிலத்திலிருந்து வருவதல்ல.

ஆகவே உங்கள் விதியை ஒரு பக்கத்துக்குள் எழுதி, பங்கேற்கும் அனைவரும் ஒப்புக்கொண்ட பிறகே முதல் பதிவைத் தொடங்க வேண்டும். விதிக்குள் வராத நிகழ்வை அழிக்காமல், ‘வரம்புக்கு வெளியே’ என்ற குறியோடு தனியே வைத்திருப்பது நல்லது. விதி பின்னால் மாறினால் மீண்டும் தேட வேண்டியிராது.

இத்தாலியின் பாவியா நகரில் இயங்கும் ஜெம் (உலக நிலநடுக்க மாதிரி) அறக்கட்டளையின் பின்விளைவுத் தரவுத்தளம் விவரங்களைச் சாதாரணக் கட்டடங்களின் சேதம், மனித உயிரிழப்பு, முக்கியக் கட்டமைப்புகள், நிலச்சரிவு போன்ற துணை விளைவுகள், சமூகப் பொருளாதார விளைவுகள் என்று ஐந்து கிளைகளாகப் பிரித்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தப் பிரிவையே பின்பற்றலாம். ஐந்தையும் ஒரே நேரத்தில் நிரப்ப முயல வேண்டாம். கட்டடச் சேதத்தை முடித்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள்.

3. நிகழ்வுக்கு ஓர் அடையாளம் கொடுங்கள்

ஒவ்வொரு நிகழ்வுக்கும் உங்கள் தரவுத்தளத்துக்கே உரிய ஓர் எண் வேண்டும். அதனோடு அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் நிகழ்வு எண்ணையும், உலகப் பேரிடர்களுக்கு வழங்கப்படும் கிளைடு எண்ணையும் இணைத்து வையுங்கள். ஊர்ப் பெயரையும் தேதியையும் மட்டும் நம்பினால் இரட்டைப் பதிவு நிச்சயம்.

மகாராஷ்டிரத்தின் கில்லாரி இதற்குத் தெளிவான சான்று. அந்த நிலநடுக்கம் 1993 செப்டம்பர் 30 அதிகாலை 3.56 மணிக்கு நிகழ்ந்தது. உலக நேரப்படி அது செப்டம்பர் 29 இரவு. இந்திய ஆவணங்களில் 30 என்றும் பன்னாட்டுப் பட்டியல்களில் 29 என்றும் இருக்கும். ஊர்ப் பெயரும் சிலவற்றில் லாத்தூர், சிலவற்றில் கில்லாரி. ஒரே நிகழ்வு இரண்டாக நுழைந்து, உயிரிழப்பை இரட்டிப்பாக்க இவ்வளவு போதும். உலக நேரத்தையும் உள்ளூர் நேரத்தையும் தனித்தனிப் புலங்களில் எழுதுங்கள். முன்னது நிகழ்வை அடையாளம் காண்பதற்கு. பின்னது மக்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று அறிவதற்கு.

கிழமையை மட்டும் வைத்து ஊகிப்பதும் தவறு. 2005 அக்டோபர் 8 காஷ்மீர் நிலநடுக்கமும் 2015 நேபாள நிலநடுக்கமும் சனிக்கிழமையில்தான் நிகழ்ந்தன. பாகிஸ்தான் பகுதியில் அன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பறைகளிலேயே இறந்தனர். நேபாளத்தில் சனிக்கிழமை விடுமுறை நாள் என்பதால், ஆயிரக்கணக்கான பள்ளிகள் சேதமடைந்தும் உள்ளே பிள்ளைகள் இல்லை. எனவே ‘பள்ளி நடந்ததா’ என்பதற்குத் தனிப் புலம் வையுங்கள்.

அடுத்தடுத்து வரும் அதிர்வுகளைத் தாய்ப் பதிவு, சேய்ப் பதிவு என்று இணைக்க வேண்டும். நேபாளத்தில் மே 12 அன்று 7.3 அளவில் மீண்டும் ஓர் அதிர்வு வந்து மேலும் பல உயிர்களைப் பறித்தது. பெரும்பாலான சேதக் கணக்குகள் இரண்டையும் சேர்த்தே தரப்பட்டுள்ளன. இந்த நிலையில் எண்ணிக்கையை நீங்களாகப் பிரிக்காமல், தொடர் முழுவதற்குமான தாய்ப் பதிவில் எழுதுங்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் அடுத்தடுத்துத் தாக்குண்ட வீடுகளில் எந்த விரிசல் எப்போது விழுந்தது என்று பிரிப்பதற்கே காப்பீட்டுத் துறை ஆண்டுக்கணக்கில் போராடியது. ஆவணத்தில் இல்லாத பிரிவைத் தரவு உள்ளிடுபவர் உருவாக்க முடியாது.

4. இடத்தை நிலைநிறுத்துங்கள்

நேபாளத்தில் 2015 சேதக் கணக்குகள் பழைய கிராம வளர்ச்சிக் குழுக்களின் எல்லைப்படி எடுக்கப்பட்டவை. 2017இல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டு 753 உள்ளாட்சி அலகுகள் வந்தன. மாவட்டங்களும் 75லிருந்து 77 ஆயின. இன்றைய வரைபடத்தில் பழைய பெயரைத் தேடினால் ஒன்று கிடைக்காது, அல்லது அதே பெயரில் இன்னும் பெரிய பரப்பு கிடைக்கும். பின்னதுதான் ஆபத்து, ஏனென்றால் பிழை கண்ணில் படாது.

இடம்பெயர்க்கப்பட்ட ஊர்கள் இன்னொரு பொறி. கில்லாரி பகுதியில் 52 கிராமங்கள் முழுமையாக வேறு இடத்தில் மீண்டும் கட்டப்பட்டன. ஊர்ப் பெயர்கள் மாறவில்லை. பெயரைக் கொடுத்து ஆயத்தொலைவு கேட்டால் கருவி புதிய ஊரைக் காட்டும். இடிந்தது பழைய ஊர். எனவே ஒவ்வோர் இடப் பதிவிலும் எல்லையின் ஆண்டு, ஆயத்தொலைவு கிடைத்த முறை, துல்லியம் எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

5. அதிர்வின் அளவைச் சேருங்கள்

நிலநடுக்க அளவு ஒன்றுதான். அதிர்வோ இடத்துக்கு இடம் மாறும். சேதத்தை விளக்குவது அந்த இடத்தின் அதிர்வே. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஷேக்மேப் என்ற அதிர்வு வரைபடக் கோப்பை இறக்கி, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய மதிப்பை எடுத்து, கோப்பின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். புதிய பதிவுகள் கிடைக்கக் கிடைக்க அந்த வரைபடம் திருத்தப்படும். பதிப்பு தெரியாவிட்டால் இருவர் எடுத்த மதிப்புகள் ஏன் வேறுபடுகின்றன என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இங்கே இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நில முடுக்கத்தைச் சில மூலங்கள் புவியீர்ப்பின் விழுக்காடாகவும், ஜப்பானிய மூலங்கள் ‘கால்’ என்ற அலகிலும் தரும்; 100 விழுக்காடு என்பது ஏறத்தாழ 981 கால். மற்றொன்று, ஜப்பானிய அதிர்வுச் செறிவு அளவுகோலில் 7 என்பது உச்சம். மெர்க்காலி அளவுகோலில் 7 என்பது நடுத்தரத்துக்குச் சற்று மேல். அளவுகோலின் பெயர் இல்லாத எண்ணை ஏற்காதபடி உள்ளீட்டுப் படிவத்தை அமையுங்கள்.

6. கட்டட வகையை எழுதுங்கள்

‘கச்சா’ (உறுதியற்றது), ‘பக்கா’ (உறுதியானது) என்ற பிரிவுகள் நிர்வாகத்துக்கு உதவும், பொறியியலுக்குப் போதாது. சுவரின் பொருள், இணைப்புச் சாந்து, பாரத்தைத் தாங்கும் முறை, மாடிகள், கட்டிய காலம், கூரை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஜெம் அமைப்பின் கட்டட வகைப்பாடு இப்படிப் பண்புகளைப் பிரித்து எழுதும் முறையே. தெரியாத பண்பை ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டாம்.

நேபாளக் கணக்கெடுப்பில் ஒரே வீட்டுக்கு மண்சாந்துக் கற்சுவர், மரம், மூங்கில் என்று பல பொருள்கள் குறிக்கப்பட்டிருக்கும். கீழ்த்தளம் கல், மேலே மரம் என்ற வீடுகள் அங்கே சகஜம். முதலில் வரும் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது புதியவர்களின் வழக்கம். அப்படிச் செய்தால் கலப்புக் கட்டடம் என்ற வகையே தரவுத்தளத்திலிருந்து மறைந்துவிடும். கட்டிய ஆண்டைப் பார்க்கும்போது விக்ரம நாள்காட்டியை மறக்க வேண்டாம். நிலநடுக்கம் நிகழ்ந்த நாளே அங்கே 2072 பைசாக் 12. ஒரு நேபாள ஆவணத்தில் கட்டிய ஆண்டு 2045 என்றிருந்தால் அது தட்டச்சுப் பிழை அல்ல, 1988-89.

7. சேதநிலையைப் பதியுங்கள்

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய படி இதுவே. பொது அளவுகோலாக ஐரோப்பிய மேக்ரோசீஸ்மிக் அளவுகோலின் 1998 பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஐந்து நிலைகள் உள்ளன. செங்கல், கல் கட்டடங்களைப் பொறுத்தவரை முதல் நிலை ஒருசில சுவர்களில் மயிரிழை விரிசல். இரண்டாம் நிலை பல சுவர்களில் விரிசல், பூச்சு பெரிய துண்டுகளாக விழுதல். மூன்றாம் நிலை பெரும்பாலான சுவர்களில் அகலமான, நீண்ட விரிசல், ஓடுகள் கழன்று விழுதல். நான்காம் நிலை சுவர்கள் பெரிதும் சிதைந்து, கூரையோ தளமோ ஓரளவு சரிதல். ஐந்தாம் நிலை முழுமையாக அல்லது ஏறக்குறைய முழுமையாக இடிதல்.

மூல ஆவணங்கள் இந்த மொழியில் பேசுவது அரிது. இத்தாலியின் ஆய்வுப் படிவம் சுவர், தளம், படிக்கட்டு, கூரை என்று உறுப்பு உறுப்பாகச் சேதத்தையும் அது பரவிய அளவையும் குறிக்கும். அதிலிருந்து ஒரே நிலையைப் பெற ஒரு விதி தேவை. கிறைஸ்ட்சர்ச்சில் ஒட்டப்பட்ட பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் உள்ளே போகலாமா என்பதை மட்டுமே சொல்பவை. பக்கத்துக் கட்டடம் சாயும் நிலையில் இருந்தாலோ, மேலே பாறை உருளும் அபாயம் இருந்தாலோ, விரிசலே இல்லாத வீட்டுக்கும் சிவப்பு அட்டை விழும். சிவப்பை ஐந்தாம் நிலையாக மாற்றுவது நான் அதிகம் பார்த்த பிழைகளில் ஒன்று.

இதற்குத் தீர்வு இரண்டு புலங்கள். முதல் புலத்தில் மூல ஆவணத்தின் சொற்களை அப்படியே எழுதுங்கள். இரண்டாவதில் மாற்றிய நிலையையும், எந்த விதிப்படி மாற்றினீர்கள் என்ற குறியையும் எழுதுங்கள். விதி திருத்தப்படும்போது இரண்டாம் புலத்தை மட்டும் மீண்டும் கணக்கிட்டால் போதும். மூலச் சொல்லை அழித்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

அடுத்து, மொத்தம். ‘4,98,852 வீடுகள் முழுமையாக இடிந்தன, 2,56,697 வீடுகள் பகுதி சேதமடைந்தன’ என்கிறது நேபாள அரசின் அறிக்கை. மொத்தம் எத்தனை வீடுகளில் என்று தெரியாத வரை, மண்சாந்துக் கற்சுவர் வீடுகளில் எத்தனை விழுக்காடு இடிந்தன என்ற கேள்விக்கு இதிலிருந்து விடை வராது. சேதமில்லாத வீடும் ஒரு பதிவுதான். களக் குழுக்கள் இடிந்த வீட்டைப் படம் எடுக்கின்றன, நிற்கும் வீட்டைக் கடந்து போகின்றன. அந்தப் படங்களை மட்டும் வைத்து எண்ணினால் ஊரே தரைமட்டமானது போலத் தோன்றும். இத்தாலியின் லாக்குவிலாவில் 2009இல் அதிர்வு குறைந்த பகுதிகளில் உரிமையாளர் கேட்டால் மட்டுமே ஆய்வு நடந்தது. கேட்காதவர்களில் பெரும்பாலோர் வீடு நன்றாக இருந்தவர்கள் என்பதால், அங்கே சேத விழுக்காடு உண்மையைவிடக் கூடுதலாகவே வரும்.

நேபாளத்தின் வீடு வீடான கணக்கெடுப்பு இந்தக் குறையைப் பெரிதும் தவிர்த்தது. 11 மாவட்டங்களில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள், சேதமில்லாதவை உட்பட, அதில் உள்ளன. ஆனால் பொதுவில் கிடைக்கும் அந்தத் தொகுப்பில் காத்மாண்டு பள்ளத்தாக்கின் மூன்று மாவட்டங்கள் இல்லை. நகர்ப்புறக் கான்கிரீட் கட்டடங்கள் அதில் குறைவாகவே இருக்கும். மேலும், வீட்டுக்கான அரசு உதவித்தொகையைத் தீர்மானிக்க எடுக்கப்பட்ட கணக்கு அது. குஜராத்திலும் 2001 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜி-1 முதல் ஜி-5 வரையிலான பிரிவுகள் இழப்பீட்டோடு பிணைக்கப்பட்டிருந்தன. பணம் பிணைந்த இடத்தில் எல்லைக்கோட்டில் நிற்கும் வீடு மேல்நிலைக்குத் தள்ளப்படுவது இயல்பு. அதில் யாரையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. ‘கணக்கெடுப்பின் நோக்கம்’ என்ற புலத்தில் அதை எழுதிவிடுங்கள். பயன்படுத்துபவர் உரிய கவனத்தோடு கையாள்வார்.

8. உயிரிழப்பு

ஒற்றை எண்ணாக வைக்காதீர்கள். எண், மூலம், எந்தத் தேதி வரைக்குமானது, எந்தப் பரப்புக்கு, காணாமற்போனவர்கள் சேர்க்கப்பட்டார்களா என்ற ஐந்தும் சேர்ந்ததே ஓர் உயிரிழப்புப் பதிவு. நேபாள அரசின் இழப்பு அறிக்கை 8,790 என்கிறது. பிந்தைய கணக்குகள் 8,900ஐத் தாண்டுகின்றன. இந்தியாவிலும் திபெத்திலும் இறந்தவர்கள் இவற்றுக்கு வெளியே. மூன்றும் தத்தம் வரையறைக்குள் சரியானவையே.

இறப்பின் காரணத்தைப் பிரிப்பது அடுத்த வேலை. லாங்டாங் பள்ளத்தாக்கில் பனியும் பாறையும் சரிந்து ஊரையே மூடின. எவரெஸ்ட் அடிவார முகாமில் பனிச்சரிவு. அந்த இறப்புகளைக் கட்டட இடிபாட்டுக் கணக்கில் சேர்த்தால், அங்கிருந்த கட்டட வகை தவறாகக் கொடியது என்று தோன்றும். 2004 டிசம்பர் 26 இன்னும் வெளிப்படையானது: சுமத்ராவின் நிலநடுக்கத்தால் நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், ஆனால் அதிர்வால் அங்கே வீடு விழவில்லை. ஆழிப்பேரலை, நிலச்சரிவு, தீ, கட்டடம் என்று தனிப் புலங்கள் வையுங்கள். பிரிவு தெரியாவிட்டால் ‘பிரிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள்.

ஒரே கட்டடம் கணக்கையே சாய்த்துவிடுவதும் உண்டு. 2011 பிப்ரவரி 22 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரில் 115 பேர் சி.டி.வி. கட்டடம் ஒன்றில் இறந்தவர்கள். இத்தகைய கட்டடங்களுக்குத் தனிப் பதிவு தேவை. நகரத்தின் சராசரியில் கரைத்துவிடக் கூடாது.

9. பண இழப்பு

நேபாள அறிக்கை 70,600 கோடி நேபாள ரூபாய் என்கிறது. அதில் 51,700 கோடி அழிந்த சொத்தின் மதிப்பு. 18,900 கோடி வருமான இழப்பும் கூடுதல் செலவுகளும். மீட்புத் தேவை என்று 66,900 கோடி தனியே வருகிறது. இந்தக் கடைசி எண்ணை மொத்த இழப்போடு கூட்டிவிடும் பதிவுகள் அடிக்கடி வரும். இழந்ததன் மதிப்பும் மீண்டும் கட்டத் தேவையான தொகையும் ஒரே இழப்பின் இரு கணக்குகள், கூட்டக் கூடாதவை.

மூல நாணயத்தில், அந்த ஆண்டின் மதிப்பிலேயே எழுதுங்கள். டாலர் மாற்றமும் பணவீக்கத் திருத்தமும் கணினி செய்ய வேண்டிய வேலை. டாலரில் மட்டும் சேமித்துவிட்டால், எந்த நாளின் மாற்று விகிதம் என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

10. முரண்படும் மூலங்களை அருகருகே வையுங்கள்

2010 ஹெயிட்டி நிலநடுக்கத்தின் உயிரிழப்பை அந்நாட்டு அரசு 3,16,000 என்றது. மற்ற மதிப்பீடுகள் அதைவிட மிகக் குறைவு. இரண்டின் சராசரியை எடுப்பது யாருமே சொல்லாத ஓர் எண்ணைப் புதிதாக உருவாக்குவதாகும். எல்லா மூலங்களையும் தனி வரிசைகளாக வைத்து, ஒன்றுக்கு மட்டும் ‘பரிந்துரைக்கப்படுவது’ என்ற குறியும் அதற்கான காரணமும் எழுதுங்கள். நாளிதழ்ச் செய்தி, அரசு அறிக்கை, களஆய்வு ஆகியவற்றுக்குத் தர எழுத்து கொடுங்கள். வெவ்வேறு தோற்றத்தில் வரும் ஐந்து மூலங்கள் ஒரே அமைச்சக அறிவிப்பின் நகல்களாக இருக்கலாம் என்பதால், எண்ணிக்கையைப் பார்த்து நம்பிவிடாமல் ஒவ்வொன்றின் வேரையும் தேடுங்கள்.

11. சரிபார்த்து வெளியிடுதல்

கணினி தானாகப் பிடிக்கக்கூடிய பிழைகளை அதனிடமே விடலாம்: சேத வீடுகள் மொத்த வீடுகளைத் தாண்டுகின்றனவா, அதிர்வு மிகக் குறைந்த இடத்தில் ஐந்தாம் நிலை அதிகமாக உள்ளதா, உலக நேரத்தில் ஒரு நாளுக்குள், ஒரு பாகைக்குள் வேறொரு நிகழ்வு உள்ளதா. பிறகு, பதிவு செய்யாத இன்னொருவர் மூல ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சில வரிசைகளையாவது ஒப்பிட வேண்டும்.

வீடு வீடான தரவில் குடும்பத் தலைவர் பெயரும் துல்லியமான ஆயத்தொலைவும் இருந்தால், வெளியிடும் பதிப்பில் பெயரை நீக்கி, இடத்தை வார்டு அளவுக்கு மழுங்கச் செய்யுங்கள். உரிமக் குறிப்பு இல்லாத தரவை வேறு நாட்டார் பயன்படுத்தத் தயங்குவார்கள் என்பதால், அதை முதல் நாளிலேயே இணைத்துவிடுங்கள். திருத்தம் வரும்போது பழைய மதிப்பை மேலெழுதாமல், புதிய வரிசையில் தேதி, திருத்தியவரின் குறியெண், காரணம் ஆகியவற்றுடன் சேர்த்து, பழையதை ‘செல்லாது’ என்று குறியுங்கள். பழைய பதிப்பை வைத்து ஏற்கெனவே கணக்கிட்டவர்கள் தங்கள் எண்ணை மீண்டும் பெற அது தேவைப்படும்.